அவன் நிலத்தில் சிவிங்கிகள்

இன்று காலை வாசலில் தேங்கியிருந்த பனித்தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை தங்களுடைய புது நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஸ்ரௌவ்வில் ஊரில் புதிதாகக் கட்டிய இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு நாய் உண்டு. ஆனால் இது வேறு மாதிரி. கன்றுக்குட்டி அளவு, மணல் நிற உடம்பு, முகம் மட்டும் கரி பூசியது போல. கயிற்றையும் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து, என் காற்சட்டையில் தன் நனைந்த விலாவைத் தேய்த்தது.

"பயப்பிடாதேங்கோ அங்கிள், ஹீ இஸ் வெரி ஜென்ரில்," என்றாள். "துருக்கியிலை ஆட்டு மந்தைக்குக் காவல் வைக்கிற சாதியாம்."

"தெரியும் பிள்ளை. உங்களிட்டை ஆடு நிக்குதோ?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் நனைந்த நாய் முடியின் அந்தக் கனத்த மணம் மூக்கில் ஏறியதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. நமீபியாவிலிருந்து நீ வரும்போதெல்லாம் உன் பெட்டியைத் திறந்தால் வீசும் மணம் அது. எத்தனை தரம் தோய்த்தாலும் உன் உடுப்பை விட்டுப் போகாது. என் மனைவி சாந்தி உன் பெட்டியைக் கார் நிறுத்தும் கராச்சில் வைக்கச் சொல்லுவாள். நீயும் கோபிக்காமல் கொண்டுபோய் வைப்பாய்.

நீ போய் இரண்டாவது பனிக்காலம் முடிகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்து, ஒன்றும் எழுதாமல் எழும்பியிருக்கிறேன். கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை. "செத்துப்போன மனிசனோடை உங்களுக்கென்ன கோவம்?" என்று சாந்தி கேட்கிறாள். சரி, ஆறாத கோபத்தோடேயே எழுதுகிறேன்.

பேராதனையில் ஒரே அறையில் இருந்து மிருக வைத்தியம் படித்த நாங்கள் இரண்டு பேரும், ஸ்காபரோவில் ஒரே வீட்டின் நிலவறையில் வந்து சேர்ந்தோம். இங்கே வைத்தியராக வேலை செய்வதென்றால் திரும்பவும் சோதனை எழுத வேண்டும் என்றார்கள். இரண்டு பேருமே எழுதவில்லை. நான் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதகனாகச் சேர்ந்தேன். கொழுவியில் தொங்கிக்கொண்டு வரும் மாட்டின் ஈரலைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தும் வேலை. நீ நாய் பூனைக் கிளினிக் ஒன்றில் கூடு கழுவினாய். "நீ செத்ததைப் பாக்கிறாய், நான் உயிரோடை இருக்கிறதைக் கழுவுறன். ரெண்டு பேரையும் ஒட்டினால் ஒரு டாக்குத்தர் வரும்" என்பாய்.

ஞாயிறுகளில் நீ மிருகக்காட்சிசாலைக்குத் தொண்டனாகப் போகத் தொடங்கினாய். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். வேலிக்கு அப்பால், நீண்ட கால்களும் சின்னத் தலையுமாக ஒரு புள்ளி மிருகம் மேட்டில் ஏறி நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சிறுத்தை நல்லா மெலிஞ்சு போச்சு," என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. நீ மிருக வைத்தியம் படிச்சனியோ? உது சிறுத்தை இல்லையடா, சிவிங்கி. சீற்றா எண்டுறது. முகத்தைப் பார், கண்ணிலையிருந்து வாய் வரைக்கும் கறுப்புக் கோடு. சிறுத்தைக்கு எங்கை அந்தக் கோடு?"

அது வாயைத் திறந்தது. நான் உறுமலை எதிர்பார்த்தேன். வந்தது குருவிக் குரல். எங்கே குருவி என்று நான் மரத்தை நிமிர்ந்து பார்க்க, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இதுக்கு உறுமத் தெரியாது மச்சான். ஓடத்தான் தெரியும். ஓடிப் பிடிச்ச பிறகும் களைச்சு இளைச்சுக்கொண்டு கிடக்கும். அதுக்கிடையிலை கழுதைப்புலி வந்து பறிச்சுக்கொண்டு போயிடும். இது சண்டைக்குப் போகாது. காயம் பட்டால் ஓடேலாது, ஓடேலாட்டில் பட்டினி. பேசாமல் விட்டுட்டுப் போயிடும்."

வீடு வரும்வரை காரில் நீ அதைப்பற்றியே கதைத்தாய். காப்புக் காடுகளில் சிங்கமும் கழுதைப்புலியும் குட்டிகளைக் கொன்றுவிடுவதால் அது பெரும்பாலும் காட்டுக்கு வெளியே, பண்ணை நிலங்களில்தான் சீவிக்கிறது என்றாய். பண்ணையில் மாடும் ஆடும் நிற்கும். அவற்றுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான், அவனிடம் சுடத் துவக்கு இருக்கும். குட்டிகளைப் பிடித்துக் கடல் கடத்தி, பணக்காரர் வீட்டுச் செல்லப்பிராணியாக விற்கும் கூட்டம் இன்னொரு பக்கம். வழியில் பாதி செத்துப்போகும். புல்வெளிகள் முட்பற்றையாகிப் போன இடங்களில் முழு வேகத்தில் ஓடும்போது முள் குத்திக் கண் போய்விடும். "எங்கை போனாலும் ஆரோ ஒருத்தன்ரை வளவுக்குள்ளைதான் நிக்கவேணும் மச்சான். அதுக்கெண்டு ஒரு இடம் இல்லை," என்றாய்.

பிறகு அந்த வசந்தம் வந்தது. போரின் கடைசி வசந்தம்.

உன் தங்கை வதனி வன்னியில் தாதியாக இருந்தாள். அவள் வேலை செய்த ஆஸ்பத்திரி ஊர் ஊராகப் பின்வாங்கி, கடைசியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் வந்து நின்றது. இங்கே நாங்கள் வேலை முடிந்ததும் டவுன்ரவுனுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி வீதியோரம் பதாகையோடு நிற்போம். போகிற கார்கள் ஹோர்ன் அடிக்கும். ஆதரவுக்கு அடிக்கிறார்களா, எரிச்சலிலா என்று தெரியாது. நாங்கள் ஆதரவு என்றே எடுத்துக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் வதனியின் அழைப்பு வந்தது. என் காரில்தான் இருந்தோம். சற்றலைட் ஃபோனில் யாரோ அவளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் சுகம் விசாரிக்கவில்லை. இலக்கங்களை வாசித்தாள், அந்தப் பள்ளிக்கூடம் நிற்கும் இடத்தின் வரைபட இலக்கங்களை.

"அண்ணா, வடிவா எழுதுங்கோ. இதை வெளியிலை உள்ள ஆக்களிட்டைக் குடுங்கோ. இது ஆஸ்பத்திரி எண்டு தெரிஞ்சால் அடிக்கமாட்டினம். கூரையிலையும் சிலுவை கீறி விட்டிருக்கிறம்."

நீ திருப்பி வாசித்துச் சரிபார்த்தாய். அன்றே உதவி நிறுவனம், அரசு என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாய். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தெரியப்படுத்த வேண்டியவர்களுக்குத் தெரியப்படுத்துவோம் என்றார்கள். திரும்பி வந்து காரில் ஏறியபோது உன் முகத்தில் பல கிழமைகளுக்குப் பிறகு வெளிச்சம் இருந்தது.

"குடுத்திட்டன் மச்சான். இனி அவளுக்குப் பயமில்லை."

ஷெல் அந்தப் பள்ளிக்கூடத்தின் நடு மண்டபத்தில் விழுந்தது. வதனி அதற்குள்தான் இருந்தாள். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று அறிவித்தார்கள். வதனியோடு வேலை செய்த ஒருவர் முகாமிலிருந்து பிறகு உனக்கு ஃபோன் எடுத்தார். அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தாய். ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாய். "தப்பி விழேல்லையாம் மச்சான். அளந்து விழுந்ததாம்."

அந்த இலக்கங்கள் யார் யார் கைக்குப் போயின, எந்த மேசையில் கிடந்தன, யார் வாசித்தார்கள் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. நீ ஏறி இறங்கிய அலுவலகங்களுக்குத் திரும்பவும் போனாய். அதே மரியாதையோடு இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தார்களாம். தாங்கள் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்களாம்.

அந்தக் கோடையிலேயே வேலையை விட்டாய். நமீபியாவில் சிவிங்கிகளைக் காக்கும் ஒரு நிலையத்தில் உன் பட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். புறப்படுவதற்கு முன்பு மில்லிக்கனில் சாமான் வாங்கப் போனோம். கடை வாசலில் தெரிந்தவர் ஒருவர் உன் காதுபடவே சொன்னார். "அங்கை சனம் முகாமுக்குள்ளை கிடக்குது. இவர் ஆபிரிக்காவிலை பூனை மேய்க்கப் போறாராம்."

நீ மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றினாய். "ஓம் அண்ணை. பூனைதான். அது என்னட்டை ஒண்டும் வாக்குத் தராது."

நீ அவருக்குச் சொன்ன பதில் எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு விளங்கியது. விமான நிலையத்தில் உன்னை இறக்கிவிட்டுத் தனியே வரும்போது, என்னையும் ஒருவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

அங்கிருந்து சனிக்கிழமை காலைகளில் ஃபோன் எடுப்பாய். உனக்கு அப்போது பின்னேரம். பிடித்து மயக்க ஊசி போட்டு, காயத்துக்கு மருந்து கட்டி, கழுத்தில் சிக்னல் பட்டி மாட்டித் திரும்ப விடுவதுதான் உன் வேலை. எந்தச் சிவிங்கி எங்கே நிற்கிறது என்று உன் மேசையில் இருந்த திரையில் தெரியும். அதை நீ ஒருவருக்கும் சொல்லமாட்டாய். பண்ணைக்காரர்கள் கேட்டார்கள், படம் பிடிக்க வந்தவர்கள் கேட்டார்கள். என்னிடம்கூட "ஆத்துக்கு அங்காலை" என்பதற்கு மேல் சொன்னதில்லை.

"இடம் சொல்லுறதில்லை மச்சான். அந்தப் பழக்கத்தை விட்டுட்டன்."

பட்டி மாட்டிய பெண் சிவிங்கி ஒன்றைப் பற்றி அடிக்கடி கதைப்பாய். ஒரு ஈத்துக் குட்டிகளை ஆளாக்கி அனுப்பிவிட்டது, இனி அடுத்தது என்பாய். தங்கச்சியின் பேரை வைத்தாயா என்று ஒருநாள் கேட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "மனிசற்றை பேரை மிருகத்துக்கு வைக்கிறதோ? வதனி வதனிதான். இது சிவிங்கி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதை." அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

பண்ணைக்காரர்களோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது என்று உன் நிலையத்தார் கண்டுபிடித்த வழிதான் அந்த நாய்கள். குட்டியிலேயே ஆட்டுப் பட்டியில் விட்டால் ஆடுகளைத் தன் சொந்தமாக நினைத்து வளரும். சிவிங்கி வந்தால் நாய் எழும்பி நின்று குரைக்கும். சண்டைக்குப் போகாத சிவிங்கி வேறு பக்கம் போய்விடும். ஆடும் பிழைக்கும், சிவிங்கியும் பிழைக்கும். நாய்க்குட்டி கேட்டு வருகிறவன் துவக்கெடுப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் அவன். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் வயதுக்காரன், மனைவியை இழந்தவன், வறண்ட ஆற்றின் இரண்டு பக்கமும் நிலம் உள்ளவன். புள்ளியைக் கண்டால் சுடுகிறவன் என்று அந்தப் பக்கத்தில் பேர் எடுத்தவன். உன்னிடம் நாய்க்குட்டி வாங்கிய பிறகு மூன்று நான்கு வருடம் அவன் நிலத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்கவில்லை. காய்ச்சலில் நீ நினைவில்லாமல் கிடந்தபோது தன் வாகனத்தில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். நீ கண் விழிக்கும்வரை வெளியே மர வாங்கிலேயே கிடந்தானாம். நீ அவனுக்கு 'மச்சான்' என்று கூப்பிடப் பழக்கிவிட்டாய். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் எரிந்தது. சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை எடுத்தவுடனேயே சொன்னாய். "மச்சான், சொல்லிட்டன்."

"ஆருக்கு? எதை?"

"அவனுக்கு. மரத்தைக் காட்டினனான்."

அந்த மரத்தைப் பற்றி நீ முன்பே சொல்லியிருந்தாய். வெட்டவெளியில் சரிந்து நிற்கும் பெரிய மரம். சிவிங்கிகள் பல காலமாக வந்து ஏறி நின்று பார்த்து, தங்கள் மணத்தை விட்டுப் போகிற மரம். விளையாட்டு மரம் என்று அங்கே சொல்வார்கள். உன் பெண் சிவிங்கி திரும்பவும் குட்டி போட்டிருந்தது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அந்த மரத்தடிக்கு வரத் தொடங்கியிருந்தது. அவனுக்கு அது மாடுகள் கன்று போடும் காலம். எந்தப் பக்கம் சிவிங்கி நிற்கிறது என்று தெரிந்தால் கன்றுகளை மற்றப் பக்கம் மறிப்பேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"நியாயமான கேள்விதானேடா. சத்தியம் பண்ணிக் கையடிச்சுத் தந்தவன்."

உன் குரலில் அந்தப் பழைய வெளிச்சம் இருந்தது. நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "ஏன்ரா சொன்னனீ? இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே!"

"எல்லாரும் ஒரே மாதிரி இல்லை மச்சான். ஒருத்தரையும் நம்பக்கூடாது எண்டு இருக்கிறது பெரிய பாரம். எத்தினை வருசம் சுமக்கிறது?"

பிறகு சில கிழமைகள் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் எடுத்தாலும் நீ எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தபோது, நடந்ததை ஒரு வைத்திய அறிக்கை போலச் சொன்னாய்.

அவனுடைய கன்று ஒன்று செத்துக் கிடந்திருக்கிறது. அவன் உன்னிடம் வரவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேரே அந்த மரத்தடிக்குப் போனான். முள்மரக் கிளைகளை வெட்டி மரத்தைச் சுற்றி வேலி போட்டு ஒரே ஒரு வழி விட்டான். அந்த வழியில் பொறிக் கூடு ஒன்றை வைத்தான். இரை வைக்கத் தேவையில்லை. அந்த மரத்துக்குப் போய்ப் பழகிய சிவிங்கி எப்படியும் உள்ளே நுழையப் பார்க்கும். தாய் நுழைந்தது, கதவு விழுந்தது. குட்டிகள் ஓடவில்லை. கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து குருவி மாதிரிக் கத்தின. ஆட்கள் அவற்றைக் கையால் பொறுக்கி எடுத்தார்கள். தாயை அவன் கூட்டுக்குள் வைத்தே சுட்டான். குட்டிகள் அன்றே விலைபோய் ஒரு லொறியில் ஏறிப் போய்விட்டன. கழுத்துப் பட்டியை வெட்டி ஆற்று மணலில் எறிந்திருந்தான். அசையாமல் ஒரே இடத்தில் நின்ற சிக்னலைப் பின்தொடர்ந்து போய் நீ பட்டியை எடுத்தாய்.

"கன்றையும் பாத்தனான் மச்சான். சுத்திவரக் காலடி கிடந்தது. நகத் தடம் இல்லை."

நான் படித்ததில் அவ்வளவாவது மறக்கவில்லை. சிவிங்கி நகத்தை முழுக்க உள்ளே இழுக்காது. நடந்தால் நகமும் மண்ணில் பதியும். நகம் பதியாத காலடி என்றால் சிறுத்தை. அவன் சுட்டது கன்றைத் தொடாத மிருகத்தை.

"அவனைக் கேட்டனியோ?"

"கேட்டனான். தடத்தைக் காட்டினனான். நிலத்திலை குந்தியிருந்து கனநேரம் பாத்தான். பிறகு சொன்னான், கோபம் வந்தது, எங்கை நிக்குமெண்டு தெரிஞ்சிருந்தது எண்டு. தெரியாமல் இருந்திருந்தால் தேடிக் களைச்சு வீட்டை போயிருப்பானாம்."

அதற்குப் பிறகு நீ அழுதாய். வதனிக்காக நீ என் முன்னால் அழுததில்லை. அன்றைக்கு ஃபோனில் அழுதாய். நான் மார்க்கம் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு, வாயில் வந்த கெட்ட வார்த்தைகளெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

அந்தப் பனிக்காலம் நீ வந்தாய். இனித் திரும்பிப் போகமாட்டாய் என்றுதான் நான் நினைத்தேன். சாந்தி உனக்காக மேல் அறையை ஒழுங்குபடுத்தினாள். மில்லிக்கனில் எங்கள் வழக்கமான கோப்பிக் கடையில் இருந்தபோது, இங்கே சோதனை எழுதி வைத்தியராக வரும் வழியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். நீ கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாய்.

"மச்சான், வாறதுக்கு முதல் அவனுக்கு இன்னொரு நாய்க்குட்டி குடுத்திட்டு வந்தனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எவனுக்கு?"

"அவனுக்குத்தான். முந்தின நாய்க்கு வயசு போட்டுது."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்தியிருக்க வேண்டும். "மன்னிச்சிட்டியோ? அவனை மன்னிச்சிட்டியோடா? அப்ப மற்றவங்களையும் மன்னிச்சிடுவாய். வதனியின்ரை இலக்கத்தை வாங்கி வைச்சவங்களையும் போய்க் கட்டிப்பிடி."

நான் சொன்னது உனக்குச் சுட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"மன்னிக்கேல்லை. சாகுமட்டும் மன்னிக்கமாட்டன். ஆனா அந்தத் தாயின்ரை முந்தின ஈத்துப் பிள்ளையள் ரெண்டு அங்கை திரியுது. ஆத்தைக் கடக்கிறதெண்டால் அவன்ரை நிலத்தாலைதான் கடக்கவேணும். வேறை வழியில்லை. நான் கோவிச்சுக்கொண்டு வந்திடலாம். அதுகள் எங்கை போறது?"

"திரும்பவும் ஏமாத்துவான்."

"ஏமாத்தலாம்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம், தெரிஞ்சுகொண்டுதான். முந்தி நம்பிக் குடுத்தனான். இப்ப நம்பாமல் குடுக்கிறன். நாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது, அது தன்ரை வேலையைச் செய்யும்."

நான் மேசையில் இருந்து எழும்பி வந்துவிட்டேன். உன்னை ஏமாற்றியவனுக்காக நான் இவ்வளவு கொதிக்க, நீ அவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறாய். என் கோபத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு நீ போய்விட்டாய். எனக்கு அது துரோகமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது, அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. துரோகம் செய்தவர்கள் எல்லாரும் எங்கேயோ வசதியாக இருக்க, துரோகம் செய்யப்பட்டவன் மட்டும் திரும்பத் திரும்ப அவர்களிடம் போய்க் கைநீட்ட வேண்டியிருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீ திரும்பிப் போனாய். சனிக்கிழமைகளில் எடுத்தாய். நாங்கள் அவனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைத்தோம்.

கடைசியாக நீ வந்தது கணையத்தில் புற்றுநோயோடு. முற்றியிருந்தது. எங்கள் வீட்டு மேல் அறையில் யன்னலோரம் கட்டில் போட்டுத் தந்தோம். நீயும் வைத்தியன், நானும் வைத்தியன் என்பதால் ஒருவருக்கொருவர் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. சாந்தி கஞ்சி கொண்டுவருவாள், இரண்டு கரண்டி குடிப்பாய். ஒரு பின்னேரம் வெயில் கட்டிலில் விழுந்திருந்தபோது என் கையைப் பிடித்தாய்.

"மச்சான், ஒண்டு கேப்பன். மறுக்கக்கூடாது."

"சொல்லு."

"மாதத்துக்கு ஒருக்கா அவனுக்கு ஒரு ஃபோன் எடு."

நான் கையை இழுத்தேன். நீ விடவில்லை. அந்த மெலிந்த விரல்களில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அவனோடை நட்பாய் இரு எண்டு கேக்கேல்லை. நிலையத்திலை ஆக்கள் மாறிக்கொண்டிருப்பினம். அவனை ஒருத்தன் கவனிச்சுக்கொண்டிருக்கிறான் எண்டு அவனுக்குத் தெரியவேணும். அவ்வளவுதான். நாய் எப்பிடி எண்டு கேள். என்ன கண்டனி எண்டு கேள். வை."

"என்னாலை ஏலாதடா. அவனை நான் வெறுக்கிறன்."

"வெறுத்துக்கொண்டே எடு. அதுக்குத்தான் உன்னைக் கேக்கிறன். விரும்பிறவன் எடுத்தால் அவன் சொல்லுறதை எல்லாம் நம்பிப்போடுவான்."

நீ சிரிக்கப் பார்த்தாய், இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தடவிவிட்டேன். அந்தக் கிழமையே நீ போய்விட்டாய்.

முதல் தரம் நான் எடுத்தபோது, நான் யார் என்று சொன்னவுடன் அவன் "மச்சான்" என்றான். அந்தச் சொல்லை என்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சரி என்றான். நீ இறந்ததைச் சொன்னேன். பிறகு, தான் வந்திருக்க வேண்டும் என்றான். வந்திருந்தால் வாசலில் நின்று திருப்பி அனுப்பியிருப்பேன் என்றேன். அதற்கும் சரி என்றான்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை எடுக்கிறேன். நாய் எப்படி என்று கேட்கிறேன். சொல்கிறான். என்ன கண்டாய் என்று கேட்கிறேன். சில மாதம் ஒன்றுமில்லை என்பான். சில மாதம் தடம் பார்த்தேன் என்பான், நகம் பதிந்திருந்தது என்று நான் கேட்காமலே சேர்த்துச் சொல்வான். நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவன் எதிர்பார்ப்பதுமில்லை. சாந்தி சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு மனிசனோடை இப்பிடியும் கதைப்பினமோ?" என்று கேட்டாள். இப்படித்தான் கதைக்கச் சொல்லி எனக்குக் கட்டளை என்றேன்.

போன சனிக்கிழமை எடுத்தபோது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. ஒரு தாய், குட்டிகளோடு தன் நிலத்துக்குள் வந்து நிற்கிறது என்றான். குட்டிகளின் முதுகில் அந்தச் சாம்பல் நிறப் பிடரி முடி இன்னும் உதிரவில்லையாம். நாய் எழும்பிக் குரைத்ததாம். தாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு விலகிப் போனதாம். துவக்கு வீட்டில் சுவரில் இருந்ததாம்.

"எங்கே நிற்கிறது?" என்று கேட்டேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

ஃபோனில் காற்று இரைந்தது.

"அதை நான் உனக்குச் சொல்லமாட்டேன்," என்றான். "ஒருவருக்கும் சொல்லவில்லை."

நான் ஃபோனை வைத்தேன். அவன் திருந்திவிட்டானா, அல்லது இவற்றையும் விற்றுவிட்டு, அங்கே இனிக் காட்டுவதற்கு எதுவுமே இல்லாததால் அப்படிச் சொன்னானா? உன்னிடம் கேட்க முடியாது. நீ இருந்திருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாய். அவனை நான் மன்னிக்கவில்லை, நம்பவுமில்லை. வதனியின் இலக்கங்களை வாங்கி வைத்தவர்களையும் மன்னிக்கவில்லை. உன்னை மன்னித்தேனா என்று கேட்டால், அதற்கும் இன்னும் பதில் இல்லை. நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வேலைதான். அடுத்த மாதமும் சனிக்கிழமை காலை, கோப்பி குடித்து முடித்த பிறகு, அவனுக்கு எடுப்பேன்.